உன் அம்மா எழுதிய எண்கள்

என் மகனுக்கு, உன் அப்பா முத்தியால்பேட்டை வீட்டிலிருந்து எழுதுவது.

உன் கடிதம் வந்து இருபத்தைந்து நாளாகிறது. பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். எனக்குக் கைவலியும் இல்லை, தபால்தலை வாங்க மறக்கவும் இல்லை. ஒரு காரியத்தைத் தொடங்கிவிட்டேன், அது முடியட்டும் என்று காத்திருந்தேன். என்ன காரியம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் மீதியை நீ படிக்கமாட்டாய். கணக்குப் புத்தகத்தில் கேள்விக்கு முன்னால் விடைப் பக்கத்தைப் புரட்டுகிறவன் நீ. இந்த ஒரு தடவை வரிசையாகப் படி.

பம்பாயில் அணு வேலைக்குப் பயிற்சி தொடங்கிய மூன்றாம் நாள் நடந்ததைச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தாய். ரயிலடியில் நான் உன் மணிக்கட்டில் கட்டிவிட்ட கடிகாரத்தோடு உள்ளே போனாயாம். கதிர்களை எண்ணுகிற கவுண்டர் கருவிக்குப் பக்கத்தில் கையை நீட்டியதும் அது படபடவென்று சத்தம் போட்டதாம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். டயலில் இருப்பது ரேடியம், இதை வெளியே மேசைக்குள் வைத்துவிட்டு வா என்று மேலதிகாரி சொன்னாராம். ‘அம்மாவின் கைவேலை பம்பாயையே மிரட்டிவிட்டது அப்பா’ என்று முடித்திருந்தாய். அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். இத்தனை நாளும், படித்த பிள்ளை, உனக்கே எல்லாம் புரிந்திருக்கும், என் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். ஒருவகையில் அது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. உனக்குத் தெரியாது என்பது இந்தக் கடிதத்தில்தான் தெரிந்தது. இனி நான்தான் சொல்லியாக வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன ஐம்பத்து நாலாம் வருஷம் உனக்குப் பதின்மூன்று வயது. நான் வேலை பார்த்த கடிகாரக் கடையின் பிரெஞ்சு முதலாளி, நம் முசியே, கடையை மூடிவிட்டுக் கப்பலேறினார். போகும்போது சில கருவிகளையும், கட்டைவிரல் அளவு கண்ணாடிப் புட்டிகள் மூன்றையும் என்னிடம் கொடுத்தார். புட்டிகளில் இருந்தது ரேடியம் கலந்த பொடி. கோந்துத் தண்ணீரில் குழைத்து டயல் எண்களில் பூசினால் இருட்டில் பச்சையாக ஒளிரும். அப்போதுதான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சண்டைக்குப் போன நம் ஊர் சிப்பாய்கள் சைகோனிலிருந்து திரும்பிவந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவன் கையிலும் ஒரு கடிகாரம், ஒளி மங்கிப்போன டயல். புதுசாய் ஒளி ஏற்றித்தரும் ஆள் ஊரில் நான் ஒருவன்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து வருஷம் இன்னொருவன் கடையில் குனிந்து உட்கார்ந்தவனுக்குச் சொந்தப் பெயரில் ஒரு பலகை மாட்டுகிற யோகம் வந்ததும் புத்தி எங்கோ போய்விட்டது.

எனக்குக் கை நடுக்கம் கிடையாது, ஆனால் எண்களை மெழுகியதுபோல் எழுதுவேன். உன் அம்மாவுக்குத்தான் அந்தக் கை. கன்னியாஸ்திரீகளிடம் பூவேலை படித்தவள். கைக்குட்டை ஓரத்தில் எறும்பு அளவில் ரோஜா போடுவாள். ஊசியில் கோக்கும்போது நூலை உதட்டில் வைத்து நுனியைக் கூராக்குவாள், அது அவள் கூடவே வளர்ந்த பழக்கம். பிரஷ்ஷைக் கையில் கொடுத்ததும் அதையே செய்தாள். இரண்டு எண் எழுதினால் முடி விரிந்துவிடும், உதட்டில் வைத்து ஒரு சுழற்று, மறுபடி கூர். முசியே ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. அவர் பிரஷ்ஷே பிடிக்கமாட்டார், ஊசிபோல் ஒரு கண்ணாடிக் குச்சியால் மெதுவாகப் புள்ளி வைப்பார், ஒரு டயலுக்கு ஒரு மணி நேரம். அந்தக் குச்சியையும் எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஏன் குச்சி என்று நான் கேட்கவில்லை. வெள்ளைக்காரனுக்கு எச்சில் என்றால் அருவருப்பு, அதனால்தான் இந்த நாசூக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். நமக்கு அவன் சொல்லித்தர வேண்டுமா என்று வேறு நினைத்தேன்.

வேடிக்கையைக் கேள். நம் வீட்டிலும் எச்சில் பற்றித்தான் பேச்சு வந்தது. உன் அம்மா முதல் நாளே பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஏங்க, யார் வூட்டு கெடியாரமோ. எச்சப்பண்ணிக் குடுக்க எனக்கு மனசு வரல.”

“யார்னா நக்கிப் பாக்கப் போறாங்களா? மணிதான பாக்கப் போறாங்க” என்றேன்.

“இருந்தாலும் பாவமில்லயா?”

“ரேடியம் வெச்சுப் பெரிய பெரிய வியாதியயே கொணப்படுத்துறாங்களாம். அதுங்கிட்ட உன் எச்சி எந்த மூலைக்கு? ஆகாதுன்னா வாயக் கொப்பளிச்சுட்டு ஒக்காரு.”

அன்றிலிருந்து அவள் வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவாள். வேலைக்கு முன்னால். அடுத்தவர் கடிகாரம் அசுத்தமாகிவிடக்கூடாதே என்று. முடித்துவிட்டு எழுந்தபின் கொப்பளிக்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அப்படியே போய்ச் சோறு பிசைந்து சாப்பிட்டாள். இதை எழுதும்போது எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. இந்த ஒன்றைப் புத்திமதியாகவே எடுத்துக்கொள்: ஒருவன் ஒரு வேலையை நம்மைவிட மெதுவாக, சுற்றிவளைத்துச் செய்தால், அவனைக் கேலி பண்ணுவதற்கு முன்னால் ஏன் என்று கேள். கேட்பதால் கௌரவம் குறையாது. நான் கேட்டிருந்தால் முசியே ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார். அவரும் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வீட்டில் ஒரு பெண் அதை உதட்டில் வைப்பாள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீயும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாய். பெண்கள் கட்டும் சின்னக் கடிகாரங்களில் எண் இருக்காது, புள்ளி மட்டும்தான். அதை உன்னிடம் கொடுக்கச் சொல்லி அவளிடம் சொன்னவன் நான். சின்ன விரல், சுருக்காக முடியும் என்றேன். நீ அம்மாவைப் பார்த்து அதே மாதிரி பிரஷ்ஷைச் சுழற்றினாய். எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்த்தேன், ஏழு மாதம் வருகிறது. முடிந்த கடிகாரங்களைச் சோதிப்பதற்கு நடுப்பகலில் நீங்கள் இரண்டு பேரும் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொள்வீர்கள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். ஒருநாள் என்னையும் உள்ளே கூப்பிட்டாய். குனிந்து பார்த்தால் உன் முன்பல்லில் ஒரு பச்சைப் பொட்டு. அதை வைத்துக்கொண்டு இளிக்கிறாய். உன் அம்மா உதடும் லேசாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் சிரித்தேன். நம் குடும்பத்தில் நாம் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்த நாட்களில் அதுதான் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. அதை நினைக்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

பிறகு பரீட்சை வந்தது, உன்னைப் படிக்கச் சொல்லி அனுப்பிவிட்டோம். அவள் மட்டும் புட்டிகள் காலியாகும் வரை, இரண்டு வருஷத்துக்கு மேல் எழுதினாள். கடைசியாக எழுதிய டயல்தான் உன் கையில் இருப்பது. அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும். பல்வலி என்றாள். ஒரு பல்லைப் பிடுங்கினார்கள், புண் ஆறவில்லை. பக்கத்துப் பல் தானாகவே ஆடிக் கையோடு வந்தது. தாடை வீங்கியது, சீழ் வைத்தது, எலும்புத் துணுக்கு வந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் தங்களுக்குத் தெரிந்த மருந்தைக் கொடுத்தார்கள், யாரையும் நான் குறை சொல்லமாட்டேன். நடந்தது என்ன என்று வீட்டிலிருந்த எனக்கே தெரியாதபோது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவள் வாயைத் துணியால் மூடிக்கொண்டு, வாடை வருகிறது, பிள்ளையைப் பக்கத்தில் விடாதீர்கள் என்பாள். ஒன்றரை வருஷம் அப்படிக் கிடந்து செத்தாள். கொள்ளி வைத்தவன் நீ. மறுநாள் எலும்பு பொறுக்கிக் கடலில் கரைத்தவனும் நீ.

அவள் போன ஆறாவது மாதம். நான் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிறேன், நீ பின்னால் உட்கார்ந்து பௌதிகப் பாடத்தைச் சத்தம்போட்டுப் படிக்கிறாய். அணு என்பது நம் பெரிய மார்க்கெட் அளவு இருந்தால் நடுவிலிருக்கும் கரு ஒரு கடுகு அளவுதான், மற்றதெல்லாம் வெற்றிடம் என்று எனக்கு விளக்கினாய். எனக்குப் பிடித்திருந்தது. அதனால் காதைக் கொடுத்துக் கேட்டேன். சில அணுக்களின் கரு ரொம்பப் பெரிசு, அதனால் நிலைக்காது, தானாகவே உடைந்துகொண்டே இருக்கும், அப்படி உடையும்போது ஆல்பா, பீட்டா, காமா என்று மூன்று விதமாக வெளிப்படும் என்றாய். உதாரணம் ரேடியம் என்றாய், நம் வீட்டில் மருந்து என்றே சொல்லிவந்த பொடி அதுதான் என்று தெரியாமல். ஆல்பா துகளை ஒரு காகிதம் தடுத்துவிடும், உடம்புத் தோல்கூடத் தடுத்துவிடும், ஆகையால் வெளியே இருக்கும்வரை பயமில்லை என்று படித்தாய்.

“உள்ள போனா?” என்று கேட்டேன்.

“உள்ள எப்பிடிப்பா போவும்? அத எவனாவது துன்னப் போறானா?” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாய்.

என் இடுக்கியில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. அது எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. நீ கவனிக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தனிமங்களின் அட்டவணையில் ரேடியம் எங்கே என்று கேட்டேன். சுண்ணாம்புச் சத்து இருக்கும் அதே வரிசையில் கீழே காட்டினாய், ஒரே வரிசையில் இருந்தால் ஒரே குணம் என்றாய். அப்படியானால் உடம்பு அதைச் சுண்ணாம்பு என்று நினைத்து எலும்பில் கொண்டுபோய் வைத்திருக்கும். இதைப் புத்தகம் சொல்லவில்லை, நானாகவே கூட்டிப் பார்த்தேன். பாதி அழிய எத்தனை நாளாகும் என்றேன். ஆயிரத்து அறுநூறு வருஷம் என்றாய். நெருப்பில் போட்டால்? “சூடு பண்ணாலும் ஒண்ணும் ஆவாதுப்பா, அமிலத்துல போட்டாலும் ஆவாது. அது பாட்டுக்கு ஒடஞ்சுகிட்டே இருக்கும்” என்றாய். அப்பாவுக்குத் திடீரென்று படிப்பில் அக்கறை வந்துவிட்டது என்று உனக்கு ஒரே சந்தோஷம். நீ வைத்த தீ உன் அம்மாவை எரித்தது, அதை எரிக்கவில்லை. அதைத்தான் கையால் பொறுக்கினோம்.

ஒளி மங்கியதும் மருந்து செத்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். அதுவும் தப்பு. பொடியில் ரேடியத்தோடு கலந்திருக்கும் துத்தநாக உப்புதான் அடிபட்டு அடிபட்டு ஒளிரும், சில வருஷத்தில் அதுதான் தேய்ந்துபோகும், ரேடியம் அப்படியே இருக்கும் என்று உன் புத்தகத்தில் தேடிப் படித்தேன். சாவி கொடுக்கவும் வேண்டாம், நிறுத்தவும் முடியாது, ரிப்பேரும் கிடையாது. இத்தனை வருஷம் கடிகாரம் பார்த்தவனுக்கு இப்படி ஒன்று வந்து வாய்த்தது.

ஆனாலும் நம்ப மனம் வரவில்லை. எத்தனையோ பேருக்குத் தாடை அழுகுகிறது, நாமாக ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பார்த்தேன். அதற்கும் உன் பாடத்திலேயே வழி இருந்தது. கறுப்புக் காகிதத்தில் பொதிந்த பிலிம்மேல் ரேடியத்தை வைத்தால், வெளிச்சமே படாமல் பிலிமில் கறை விழும் என்று போட்டிருந்தது. என் கடை வழக்கம் உனக்குத் தெரியும். எந்தக் கடிகாரத்தில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் கழற்றிய பழசைக் காகிதத்தில் மடித்து உரியவரிடம் கொடுத்துவிடுவேன். அந்தப் புத்தி வீட்டிலும் விடாது. உன் அம்மாவின் பல் கையோடு வந்தபோது அதையும் ஒரு பழைய டப்பியில் போட்டு வைத்திருந்தேன். போட்டோ எடுக்கும் நம் தெருப் படக்கடைக்காரரிடம் ஒரு பிலிம் வாங்கி, கறுப்பு உறையோடு அதன்மேல் அவள் பல்லையும் வைத்தேன், எனக்கு விழுந்த பல் ஒன்றையும் பக்கத்தில் வைத்தேன். மூன்று வாரம் கழித்து அவரிடமே கொடுத்தேன். கழுவிக்கொண்டு வந்தார்.

“இன்னாபா இது, பிலிம் கெட்டுப் போயிருக்குது. ஒரு பக்கம் கரேல்னு கறை, இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்ல.”

ஒன்றுமே இல்லாத பக்கம் என்னுடையது. வேலையைக் கொடுத்தவன் பல் சுத்தமாக இருந்தது. சரி, பழைய பிலிமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து மூன்று வருஷமாக உன்னோடு ஒரே தட்டில் கை நனைத்திருக்கிறேன், உனக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டியிருக்கிறேன், ரயிலேற்றி அனுப்பியிருக்கிறேன். சொல்லவில்லை. அணு வேலை கிடைத்தது என்று நீ குதித்தபோது உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை என்று காரணம் வைத்திருந்தேன். உண்மை அதுவல்ல. நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்ற பயம்தான்.

மூலக்குளத்து அத்தை உனக்கு ஒரு இடம் பார்த்துவைத்திருக்கிறாள். நான் இரண்டு தடவை தட்டிக்கழித்துவிட்டேன், உனக்கும் வருத்தம், அவளுக்கும் வருத்தம். அப்பாவுக்குப் பெரிய இடமாக வேண்டுமாக்கும் என்று உன் கடிதத்தில் ஒரு குத்து வைத்திருந்தாய். இடத்தில் ஒரு குறையும் இல்லை. அடுத்தவர் பெற்ற பெண்ணை நம் வீட்டுக்கு ஒருமுறை கூட்டிவந்து நான் செய்தது போதும். ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்ளாமல் இன்னொருத்தியை அழைத்துவர எனக்குத் துணிச்சலில்லை. எது தெரிந்தாலும் அவளிடம் முதலில் சொல், பிறகு தாலியைப் பற்றி யோசி. மறைத்துக் குடும்பம் நடத்துகிற வித்தையை என்னிடமிருந்து கற்றுக்கொள்ளாதே.

இப்போது அந்த இருபத்தைந்து நாள். இண்டர்மீடியட் படிக்கும்போது உனக்குச் சொத்தை என்று ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்களே, அதுவும் என் டப்பியில் இருந்தது. உன் கடிதம் வந்த அன்றே புது பிலிம் ஒன்று வாங்கி அதன்மேல் வைத்தேன். நாலு நாளுக்கு முன்னால் எடுத்துக்கொண்டு படக்கடைக்குப் போனேன். “குடுபா, பத்து நிமிஷத்துல கழுவித் தரேன்” என்று கையை நீட்டினார். வாசலிலேயே நின்றேன். வேண்டாம், அப்புறம் வருகிறேன் என்று திரும்பிவிட்டேன். மறுநாளும் போனேன், மறுநாளும் திரும்பினேன்.

கறை விழுந்திருந்தால் அதற்கு மருந்து கிடையாது என்பது எனக்குத் தெரியும். எலும்பிலிருந்து அதைப் பிரித்தெடுக்க ஒருவராலும் ஆகாது. அப்படியிருக்க எதற்குச் சொல்கிறாய் என்று நீ கேட்கலாம். ஏழு மாதம்தானே, கொஞ்சம்தானே என்று தினமும் சொல்லிப் பார்க்கிறேன், கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று உன் புத்தகத்தில் இல்லை. அங்கே கருவிகள் இருக்கின்றன, விஷயம் தெரிந்த டாக்டர்கள் இருப்பார்கள். வெட்கப்படாமல் அவர்களிடம் போய், அம்மா இப்படி, நான் இப்படி, அப்பா இப்படி என்று மூன்றையும் சொல். பல் வலித்தால் அவசரப்பட்டுப் பிடுங்கவிடாதே. பென்சிலைக் கடிக்காதே. சாப்பிடுவதற்கு முன்னால் கை கழுவு, அதற்கு முன்னால் வாயைக் கொப்பளி. இதையெல்லாம் எட்டு வருஷம் பிந்திச் சொல்கிறேன் என்று தெரிகிறது.

என்னைத் திட்டி எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. அந்தக் கடிகாரத்தை இனி கட்டாதே, தூக்கியும் எறியாதே. அந்த எண்களைத் தவிர உன் அம்மா எழுதிவைத்துப் போனது வேறு எதுவும் நம்மிடம் இல்லை.

கழற்றிய பாகம் உரியவரிடம் போய்ச்சேர வேண்டும். கடிதத்தோடு வரும் தகர டப்பியில் உன் பல்லும் ஒரு கறுப்பு உறையும் இருக்கின்றன. உறையை வெளிச்சத்தில் பிரித்துவிடாதே. உள்ளே இருக்கும் பிலிமை நான் கழுவவில்லை.